இடது லேனில் வலது அம்பு

சரவணனுக்கு,

வெயில் முற்றத்தில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. நீ இன்னும் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேசினால் போனைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டுவாய், நடுவில் எதையோ பார்த்துச் சிரிப்பாய், நான் முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் காரின் வைப்பருக்கு அடியில் செருகி வைக்கப்போகிறேன். வண்டி வாங்கி இருபது நாள் ஆகிறது, ஒரு நாள் தவறாமல் அந்தக் கண்ணாடியைத் துணி போட்டுத் துடைக்கிறாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரோட்டைத்தான் நீ பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு மறந்திருக்கும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். என்னையும் உங்கம்மாவையும் கோமுகி அணைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது வடக்கனந்தல் தாண்டி, மலை ரோடு பெரிய ரோட்டைக் கடக்கிற ஜங்ஷனுக்கு வந்தோம். வலப்பக்கம் திரும்பி பிரியாணிக் கடைக்குப் போக வேண்டும். வலது லேனில் ஒரு கரும்பு டிராக்டரும் அதற்குப் பின்னால் மூன்று வண்டிகளும் சிக்னலுக்கு நின்றிருந்தன. இடது லேன் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் உனக்கென்று விட்டு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வாய். இடது லேனில் ஏறிப் போய் எல்லாருக்கும் முன்னால் நின்றாய். பச்சை விழுந்ததும் அங்கிருந்து வலப்பக்கம் ஒடித்துக் குறுக்கே வெட்டினாய். நடு லேனில் நேராகப் போக வேண்டிய ஒரு மனுஷன், பின்னால் பெண்டாட்டி, இரண்டு பக்கமும் பால் கேன், ஒரு பழைய மொபெட். உன் கதவுக்கும் அவன் முன்சக்கரத்துக்கும் ஒரு கை அகலம்கூட இல்லை. பிரேக் பிடித்தான், சறுக்கினான், இரண்டு பேரும் விழுந்தார்கள். பால் ரோடெல்லாம் ஓடியது.

வண்டியை நிறுத்து என்றேன். நீ கண்ணாடியில் பார்த்துவிட்டு, எழுந்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றாய். லேன் தப்பு என்றேன். அப்போது நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

“கோடு போட்டவன் நீ. வண்டி ஓட்டுறவன் நானு. இந்தக் கோட்டையெல்லாம் எவன்ப்பா பாக்குறான்?”

உங்கம்மா, புது வண்டி, நல்ல நாளும் அதுவுமாக ஏன் அவன்மேல் கத்துகிறீர்கள் என்றாள். பிறகு மூன்று பேரும் போய் பிரியாணி சாப்பிட்டோம். நானும்தான் சாப்பிட்டேன். எனக்கும் நீ எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போட்டாய்.

பாலிடெக்னிக் படித்து முடித்து, ரோடு போடுகிற கம்பெனியில் சூப்பர்வைசராகப் போகப்போகிறவனுக்கு இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டதன் லட்சணத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். நாம் ரோட்டில் இடப்பக்கமாகப் போகிறவர்கள். ஆகவே இடப்பக்கம் திரும்புகிறவன் இடது ஓர லேன், நேராகப் போகிறவன் நடு லேன், வலப்பக்கம் திரும்புகிறவன் நடுத்தடுப்பை ஒட்டின லேன். ஜங்ஷனுக்கு வந்து யோசிக்கக் கூடாது, நூறு அடி முன்னாலேயே கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, உன் லேனுக்குள் வந்துவிட வேண்டும். எந்த லேனிலிருந்து திரும்பினாயோ, திரும்பி முடித்ததும் அந்தப் பக்கத்து லேனிலேயே போய்ச் சேர வேண்டும், ரோடு முழுக்கப் பாய் விரிப்பதுபோல வளையக் கூடாது. தப்பான லேனில் மாட்டிக்கொண்டாயா, அது காட்டுகிற பக்கமே போ. ஒரு கிலோமீட்டர் போய்ச் சுற்றிக்கொண்டு வா. அதில் உன் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. குறைவதற்கு எவ்வளவு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இருபத்தாறு வருஷம் நான் கோடு போட்டேன். பாய்லரில் வெள்ளைப் பொடியைக் காய்ச்சி, கூழ் பதத்துக்கு வந்ததும் தள்ளுவண்டியில் ஊற்றி, சுண்ணாம்புக் கயிறு பிடித்த தடத்தில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சித்திரை வெயிலில் மேலே ஒரு அடுப்பு, கீழே ஒரு அடுப்பு. அந்தக் கோட்டை மனிதர்கள் எப்படி மதிக்கிறார்கள் என்பதை என்னைவிடக் கிட்ட நின்று பார்த்தவன் இந்த ஜில்லாவில் இல்லை. கோடு காய்வதற்குள் சிவப்புக் கொடியைத் தட்டிவிட்டு மேலே ஏற்றிக்கொண்டு போவான் ஒருவன். டயரில் வெள்ளை ஒட்டிக்கொண்டது என்று திரும்பி வந்து என்னிடமே சண்டை போடுவான். கட்சிக் கொடி கட்டின காருக்கு எல்லா லேனும் ஒன்றுதான். பஸ் டிரைவர் இரண்டு லேனை ஒன்றாகப் போட்டு உட்கார்ந்துகொள்வான், சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு இலை பிடிக்கிறவன்போல. பைக்கில் மூன்று பேராய் வருகிறவன் இடப்பக்கம் கையைக் காட்டி வலப்பக்கம் திரும்புவான். படித்தவன், படிக்காதவன், நெற்றியில் பட்டை போட்டவன், தொப்பி வைத்தவன் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி. நான் அவர்களை மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே கோடு போட்டேன். ஆட்கள் எல்லாம் மாடு, நான் ஒருத்தன்தான் மனுஷன் என்று ஒரு நினைப்பு எனக்கு. அந்த நினைப்போடு இருந்த நான் செய்ததை இப்போது சொல்கிறேன். இதை உங்கம்மாவிடமும் நான் சொன்னதில்லை.

பத்து வருஷம் ஆகிறது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அந்த ஜங்ஷனை அகலப்படுத்தி, மலை ரோட்டின் வாயை மூன்று லேனாக்கினார்கள். அப்போது அங்கே சிக்னல் வந்திருக்கவில்லை. மேலதிகாரி பார்க்க வருகிறார், மதியத்துக்குள் அம்புகளைப் போட்டு முடி என்று காண்ட்ராக்டர் சொன்னார். நான்தான் மேஸ்திரி, என்னோடு ஏழுமலை என்று ஒருவன், என்னைவிட எட்டு வயது சின்னவன். அம்புக்குத் தகரத்தில் வெட்டின அச்சு ஒன்று உண்டு. அதைத் தரையில் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் வரைந்து, தகரத்தை எடுத்துவிட்டு, வரைந்ததற்குள் வெள்ளையை ஊற்ற வேண்டும். வலது அம்புக்கும் இடது அம்புக்கும் ஒரே அச்சுதான். ஒரு முகமாக வைத்தால் வலது, புரட்டி வைத்தால் இடது. வலது லேனில் வலது அம்பு போட்டேன். நடுவில் நேர் அம்பு போட்டேன். இடது லேனுக்கு வந்தபோது தகரத்தைப் புரட்டாமல் வைத்துவிட்டேன். வரைந்தது நான். ஏழுமலை வெள்ளையை ஊற்றினான். இடது லேனில் வலது அம்பு.

அன்றைக்கு வந்த அதிகாரி அம்பின் நீளத்தை அளந்தார், வெள்ளையின் தடிமனை அளந்தார், கையெழுத்துப் போட்டார். அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்க்கவில்லை. மூன்று வாரம் அந்த அம்பு அங்கே கிடந்தது. எத்தனை ஆயிரம் வண்டி அதன் மேல் ஏறிப் போயிருக்கும். போலீஸ்காரர் தினமும் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருவர், ஒரே ஒருவர், இது தப்பாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏனென்றால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நான் உட்பட.

பார்த்தவள் ஒருத்தி. அலமேலு என்று பெயர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சர். மாசம் ஒரு தடவை மீட்டிங்குக்கு ஸ்கூட்டரில் இறங்கி வருவாள். லைசென்ஸ் எடுப்பதற்காக ரோட்டுக் குறிகள் எல்லாம் போட்ட புத்தகத்தை வாங்கி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறமாதிரி தனக்குத் தானே சொல்லிப் படித்தவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவள் வழக்கம்போல இடது ஓரமாக மெதுவாக வந்திருக்கிறாள். வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் இருந்த லேனிலேயே வலப்பக்கம் காட்டி அம்பு இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டாள், கையும் காட்டினாள், திரும்பினாள். நடு லேனில் நேராக வந்த ஒரு பால் வேன் அவளை வலப்பக்கத்தில் அடித்தது. முட்டி நொறுங்கிவிட்டது.

நானும் ஏழுமலையும் அப்போது மணலூர்பேட்டை ரோட்டில் வேலையாக இருந்தோம். சாயங்காலம் டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்திலிருந்து ஒரு மலைக்காரம்மா வலப்பக்கம் திரும்பியிருக்கிறாள், ஏன் என்று கேட்டால் ரோட்டில் அம்பு காட்டியது என்கிறாளாம், அம்பைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று. நானும் சிரித்தேன் சரவணா. டீயைக் குடித்து முடிக்கும்போதுதான் தகரத்தைப் புரட்டின ஞாபகம் எனக்கு இல்லை என்பது உறைத்தது. அப்படியே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் ஏழுமலையும் அங்கே இருந்தோம். நெருப்புக் காட்டி, உளியால் சுரண்டி, மேலே தார் பூசி, அதன் மேலேயே தகரத்தைப் புரட்டி வைத்து இடது அம்பு போட்டோம். ஏழுமலை நடுவில் ஒரு தடவை உளியைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, சொல்லிடலாம்ணே. அந்தம்மா மேல கேஸ் எழுதிக்கினு கீறாங்களாம்” என்றான். வேலையைப் பார் என்றேன். வெள்ளை இன்னும் சூடாக இருக்கும்போதே ஒரு போலீஸ்காரரும் ஒரு மனுஷனும் வந்தார்கள். அந்த மனுஷன் லுங்கி கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். அலமேலுவின் புருஷன் பொன்னுசாமி. ராத்திரி முழுக்க அவள் அம்பு, அம்பு என்று சொல்லியிருக்கிறாள், அதனால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போலீஸ்காரரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். போலீஸ்காரர் காலால் காட்டி, இடப்பக்கம்தானே காட்டுகிறது என்றார். பொன்னுசாமி அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“ஐயா, இது இதுக்கு முன்னாடி வேற மாரி இருந்துதுங்களா?”

மங்கிப்போயிருந்தது, மேலே புதுசாகப் போடுகிறோம், எப்போதும் இடப்பக்கம்தான் என்று சொன்னேன். நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். பொய் சொன்னவனை ஒருவன் கும்பிட்டுவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன் கேள், ஒன்றுமே இருக்காது. வெள்ளை காய்ந்துவிட்டதா என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கேஸ் அவள் மேல் போனது. கவனக்குறைவாகத் திரும்பியவள் என்று எழுதினார்கள். ஏழுமலை அந்த வாரமே வேலையை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போனான். என்னைத் திட்டவில்லை, சண்டை போடவில்லை. இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுவான். உனக்கு அவனை ‘சோம்பேறி சித்தப்பா’ என்று அடையாளம் சொன்னவன் நான்தான். அதையும் இதோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மலை ரோட்டு வளைவுகளுக்கு ஓரக் கோடு போடுகிற வேலை வந்தது. வெள்ளிமலையில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காலை இழுத்து இழுத்து நடந்து போன ஒரு பொம்பளையைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் ‘அம்பு டீச்சர், அம்பு டீச்சர்’ என்று கத்தின. கடைக்காரர் தானாகவே சொன்னார். மேட்டில் வீடு வீடாக ஏறிப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் அவளே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இல்லாத அம்பைப் பார்த்துக் காலை ஒடித்துக்கொண்டவள் என்று ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறதாம்.

சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், அல்லது கையில் இருக்கிற கட்டையை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டுவதை மட்டும் நிறுத்தினாள்.

“நான் பாத்தத எனக்கு வந்து சொல்றியா? எனக்குத் தெரியாதா நான் இன்னா பாத்தேன்னு? எங்க வூட்டுக்காரரு கைல சொல்லு. அவருதான் நம்பல. சண்டை வந்தா அதான் சொல்றாரு, இல்லாதத பாத்தவதானே நீன்னு. எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டுக் குடு.”

பொன்னுசாமி அப்போது கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அவன் வந்ததும் வருகிறேன், எழுதிக்கொண்டே வருகிறேன் என்றேன். வரவில்லை. பெட்டிக்கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்க முடியாதவனா நான்? நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம், உன்னைக் கம்பெனியில் எடுத்துக்கொள்வதாக காண்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார், இந்த நேரத்தில் கிளறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டால் எந்த அயோக்கியத்தனமும் கொஞ்சம் நல்ல சட்டை போட்டுக்கொள்கிறது. உனக்காக இல்லை. எனக்குப் பயம். என் மேஸ்திரிப் பேர் போய்விடும் என்று பயம். பிள்ளையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நாலு வருஷம் நடமாடினேன். நீ வேலை இல்லாமல் சுற்றினபோதும் அதே கேடயம், வேலை உறுதியானபோதும் அதே கேடயம்.

ஞாயிற்றுக்கிழமை உன் காருக்குள் உட்கார்ந்து, ரோட்டில் ஓடின பாலைத் திரும்பிப் பார்த்தபோது எனக்கு உன் மேல் வந்தது கோபம் இல்லை, அருவருப்பு. இடது லேனிலிருந்து வலப்பக்கம். அதே இடம். அவள் அம்பை நம்பித் திரும்பினாள், காலைக் கொடுத்தாள். நீ அம்பு எதிர்ப்பக்கம் காட்டுகிறது என்று தெரிந்தே திரும்பினாய், பிரியாணி சாப்பிட்டாய். இப்படி ஒருத்தனை வளர்ப்பதற்காகவா அவளைப் பொய்க்காரி ஆக்கினேன் என்று தோன்றியது. கை கழுவும்போது கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். அதே அருவருப்பு. நீ என்னைப்போலத்தான் இருக்கிறாய்.

திங்கட்கிழமை தாள் வாங்கி எழுதினேன். ஒரே விஷயத்தை மூன்று பிரதி. செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, பத்து வருஷத்துக்கு முன்னால் முடிந்த கேஸைக் கொண்டுவந்து உயிரை வாங்காதே, வயசாயிற்று, வீட்டில் போய்ப் படு என்றார். வாங்கிக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்துக் கேட்டேன். அவர் போடவில்லை, நான் எழுந்திருக்கவில்லை. மதியம் சாப்பிடப் போகும்போது போட்டுக் கொடுத்தார். அங்கிருந்து நேராகக் காண்ட்ராக்டர் ஆபீஸ். அவர் நிதானமாகப் படித்தார். இதை யாரிடமெல்லாம் கொடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். தாளை நாலாக மடித்து டிராயரில் வைத்துவிட்டு, “பையன ஒண்ணாந் தேதி வர வேணாம்னு சொல்லு. அப்புறம் பாக்கலாம்” என்றார். ஆகவே ஒன்றாம் தேதி நீ போக வேண்டாம். இதை உன்னிடம் சொல்லத்தான் இரண்டு நாளாக வாய் வரவில்லை. நீ என்னைத் திட்டலாம். அந்த வேலைக்கு நீ லாயக்கில்லை என்பது என் கருத்து. ரோட்டில் எவன் கோட்டைப் பார்க்கிறான் என்று கேட்கிறவனை ரோடு போடுகிற இடத்தில் மேற்பார்வைக்கு வைப்பதைவிட அந்தத் தகர அச்சை நாற்காலியில் உட்கார வைக்கலாம். அது ஒரு பக்கமாவது சரியாகக் காட்டும்.

நேற்று, புதன்கிழமை, பஸ் ஏறி மலைக்குப் போனேன். பொன்னுசாமி இருந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு. நான் பேசுவதற்கு முன்னால், நீ அன்றைக்கு அங்கே வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவன்தானே என்றான். தாளைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான். இரண்டாவது தடவை படித்து முடித்ததும் அலமேலு பக்கம் பார்க்க முடியாமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அன்னிக்கு உன்ன நேராத்தானய்யா கேட்டேன்” என்றான்.

ஆமாம் என்றேன். அவன் அடிப்பான் என்று நின்றேன், அடித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். செருப்புக்கூடப் போடாமல் கொல்லைப் பக்கம் இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டான். தாள் கீழே கிடந்தது. அலமேலு சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, அதை எடுத்து மண்ணைத் தட்டினாள். எடுத்துக் கொடுக்கக் குனிந்த என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. நான் அவள் அரை மணி நேரம் பேசுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன், அவள் ஒரு விஷயம்தான் கேட்டாள். அவள் மகள் கவிதா ஸ்கூட்டர் கற்றுக்கொண்டாளாம். வடக்கனந்தலில் சித்தி வீட்டில் தங்கி, திங்கட்கிழமையிலிருந்து கள்ளக்குறிச்சியில் நர்ஸ் படிப்புக்குப் போகப்போகிறாள். அந்த ஜங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும், தினமும் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

“அவ கைல சொல்லி வச்சிகிறேன், அம்பையெல்லாம் பாக்காத, நாலு பேரு எப்டி போறானோ அப்டியே போன்னு. இப்ப நீ வந்து இத்த குடுக்குற. இன்னா சொல்லட்டும் அவ கைல? பாக்கச் சொல்லட்டுமா, வாணாமா?”

பார்க்கச் சொல்லுங்கள் என்றால், அவள் சரியான லேனில் நின்று சரியாகத் திரும்புவாள், பக்கத்து லேனிலிருந்து உன்னைமாதிரி ஒருவன் குறுக்கே வெட்டுவான். பார்க்காதே என்றால், இருபத்தாறு வருஷம் நான் போட்டது எல்லாம் சுவரில் சிறுபிள்ளை கிறுக்கினதுக்குச் சமம். பஸ் ஹாரன் கேட்டது. அவள் காத்துக்கொண்டு நின்றாள், நான் சொல்லாமல் விட மாட்டாள்போல இருந்தது.

பார்க்கச் சொல்லுங்கள், இப்போது சரியாகத்தான் காட்டுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கவிதாவின் ஸ்கூட்டர் பச்சை நிறம். காலையில் எட்டேகாலுக்கு அங்கே வரும். நடுத்தடுப்பை ஒட்டின லேனில் நிற்கும். அலமேலுவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான், ஆனால் நான் வண்டி ஓட்டுகிறவன் இல்லை. ஓட்டுகிறவன் நீ.

அப்பா